பழஞ்சிக்குப் போர்த்திய பொன்னாடை

சுசீந்திரம்
19 ஜனவரி 2025

சபிதாவுக்கு,

சுகம் விசாரித்து ஆரம்பிக்கிற நிலையில் நான் இல்லை. போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். போனை எடுத்தாலே மாமி பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "ஸ்பீக்கர்ல போடு மக்கா, எனக்க மவ கொரல நானும் கேக்கட்டு" என்பார். உன் அம்மாவை வைத்துக்கொண்டு பேசக்கூடிய விஷயம் இல்லை இது.

உன் அண்ணன் இந்த மாதம் கீமோவுக்குப் போகவில்லை. திருவனந்தபுரத்தில் தேதி கொடுத்திருந்தார்கள். காலையில் பையை எடுத்து வைத்துக்கொண்டு நான் வாசலில் நிற்கிறேன். அவர் கைலியோடு அடுக்களையில் உட்கார்ந்து, சின்ன உள்ளியைக் கடித்துக்கொண்டு, ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்த பழஞ்சியைக் குடிக்கிறார்.

"நேரமாச்சு, கெளம்புங்க" என்றேன்.

"எங்க?"

"எங்கயா? ஆஸ்பத்திரிக்கி."

"ஏட்டி, மருந்து இந்தா சட்டிக்குள்ள கெடக்கு. இதுக்கு எதுக்கு களியக்காவிளை தாண்டிப் போவணும்?"

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். பையிலிருந்த துணிகளை அவரே எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கியபோதுதான் புரிந்தது.

தேரோட்டத்துக்கு வந்தபோது வாசகசாலை ஆண்டுவிழாவில் உனக்குப் பாராட்டு வைத்தார்களே, அன்று ஆரம்பித்த வினை இது. நம் வீட்டுப் பழஞ்சியிலிருந்து எடுத்த கிருமி குடல் கேன்சர் செல்லைக் கொல்கிறது என்று மைக்கைப் பிடித்துச் சொன்னாய். அதோடு விட்டாயா? சட்டிக்குச் சொந்தக்காரி இவர்தான் என்று மாமியை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தவும் வைத்தாய். குடலில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணன் உன் கண்ணில் படவில்லையா?

கட்டியை எடுத்தாகிவிட்டது, கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதை அழிக்கத்தான் கீமோ, இடையில் நிறுத்தினால் திரும்பி வரும் என்று டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். அந்த மருந்து ஏறின நாள் முதல் அவருக்கு விரல் மரத்துப்போகும். குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் கரண்டு அடித்த மாதிரி கையை இழுப்பார். மருந்து நின்றால் அது குறையத்தானே செய்யும்? இவர் சட்டிக்குள் கையை விட்டு எடுத்து என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டுகிறார். "பாத்தியாட்டி, மரவிப்பு போச்சு. சபி சும்மாவா சொன்னா?"

நான் சொன்னால் காதில் ஏறாது. "நீ கணக்கு டீச்சர்தானட்டி. அவ டாக்டரு" என்கிறார். உன் ஆராய்ச்சிப் படிப்பு அவருக்கு டாக்டர் படிப்புதான். அதனால் நீ ஒன்றே ஒன்று செய். உன் கையால் ஒரு கடிதம் எழுது. இது மருந்து இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போ என்று. அடுத்த தேதி தப்புவதற்கு முன்னால் எழுது.

அஜிதா


ஐதராபாத்
4 பிப்ரவரி 2025

அன்புள்ள மைனிக்கு,

உங்கள் கடிதத்தை லேபில் வைத்துத்தான் பிரித்தேன். பிறகு அன்று வேலை ஓடவில்லை.

நான் பொய் சொல்லவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் என்ற வார்த்தையைச் சொன்னேன். வீடியோவைப் போட்டுப் பாருங்கள், சொல்லியிருக்கிறேன். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

நான் செய்தது இவ்வளவுதான். பிளாஸ்டிக் தட்டில் ஒட்டி வளரும் கேன்சர் செல்கள் எங்களிடம் உண்டு. எந்தக் காலத்திலோ யாரோ ஒருவருடைய குடலிலிருந்து எடுத்தவை, இப்போது உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்கின்றன. அம்மாவின் சட்டியிலிருந்து பிரித்தெடுத்த லாக்டோபேசில்லஸை வளர்த்து, அது வளர்ந்த நீரை வடிகட்டி அந்தச் செல்கள்மேல் ஊற்றினேன். பாதிக்கு மேல் செத்தன. வினிகரை ஊற்றினாலும் சாகும் மைனி. புளிப்பால் செத்ததா, பாக்டீரியா சுரக்கும் வேறு ஏதோ ஒன்றால் செத்ததா என்று பிரித்துப் பார்க்கத்தான் இன்னும் காலம் கேட்டிருக்கிறோம். எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை. மனிதன் குடித்தால் கட்டிக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

இதை மேடையிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். மைக்கைக் கொடுத்தவர், "நாலு வார்த்த போதும், நம்ம ஆளுவளுக்கு மனசிலாவுக மாதிரி" என்றார். எதிரே ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. தெரியாது, தெரியாது என்று பேசுகிறவளுக்கு யார் கை தட்டுவார்கள்?

அந்த வீடியோவை எடுத்தது நீங்கள். 'எங்க சபி' என்று எழுதிக் குடும்பக் குழுவில் முதலில் போட்டதும் நீங்கள். அங்கிருந்துதான் அது அண்ணனோடு வேலை பார்க்கும் கண்டக்டர்களின் டிப்போ குழுவுக்குப் போனது. என்னை மட்டும் கூண்டில் ஏற்றினால் எப்படி?

அண்ணனுக்குப் போன் செய்தேன். "அண்ணே, அது தட்டுல வச்சு செஞ்சதாக்கும்" என்றேன். "வயிறும் ஒரு தட்டுதானட்டி" என்று சிரித்தார். இவ்வளவு அடக்கம் கூடாது என்று எனக்கே புத்தி சொன்னார்.

கடிதம் மட்டும் இப்போது கேட்காதீர்கள். எங்கள் திட்டத்துக்கு மார்ச்சில் நிதி புதுப்பிக்க வேண்டும். நான் எழுதும் தாளை யாராவது படம் பிடித்தால் நாளை டிப்போ குழுவில் வரும், மறுநாள் என் கைடின் கையில் இருக்கும். கண்டுபிடித்தவளே ஒன்றுமில்லை என்று எழுதினாள் என்றுதான் அதைப் படிப்பார்கள். போனில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அண்ணன் கேட்பார்.

சபிதா


சுசீந்திரம்
22 பிப்ரவரி 2025

சபிதாவுக்கு,

ஆமாம், வீடியோ எடுத்தேன். கேன்சர்காரன் பெண்டாட்டி நான். கேன்சர் சாகும் என்று மேடையில் ஒருத்தி சொன்னால் கை தட்டாமல் வேறு என்ன செய்வேன்?

உன் போன் ஒன்றையும் சாதிக்கவில்லை. நீ சொல்லச் சொல்ல அவருக்கு நம்பிக்கை கூடுகிறது. இரண்டாவது தேதியும் போய்விட்டது. உடம்பு தேறிவிட்டது என்று டியூட்டியில் ஏறிவிட்டார். டிக்கெட் கிழிக்கிற நேரம் போக, நாகர்கோவிலிலிருந்து குளச்சல் வரைக்கும் இதே பேச்சுதான். கேட்டவர்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். போன வாரம் குளோரி என்று ஒரு பெண் குளச்சலிலிருந்து பிளாஸ்க்கோடு வந்து நின்றாள்.

"எனக்க மாப்பிளைக்கி வயித்துல கட்டி. கண்டக்டரு தாணு சாருதான் பஸ்ஸுல சொன்னாவ. ஒரு கிளாசு பழஞ்சி வெள்ளம் தருவியளா?"

"இரி மக்கா, அடியில கெடக்கதுதான் சத்து. கலக்கித் தாறேன்" என்று மாமி உள்ளே போனார்.

"டாக்டருட்ட காட்டுனியளா?" என்று கேட்டேன்.

"காட்டியாச்சு. வெட்டணும்னாவ. இது இருக்கும்ப வெட்டு எதுக்கு?"

அவள் போன பிறகு மாமி என்னிடம், "வாறவ முன்ன வச்சு எனக்க மவளக் கொறச்சுப் பேசாத, கேட்டியா" என்றார்.

"நான் சபியப் பத்தி ஒண்ணும் பேசலையே மாமி. டாக்டருட்ட காட்டுனியளான்னுதான கேட்டேன்."

"அதுதான் கொறச்சுப் பேசுகது."

நம் குட்டி ஆதிராவுக்கும் ஒரு டம்ளர் தினமும் போகிறது. அது பிள்ளைக்குக் கெடுதல் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் குடித்துவிட்டு, "அப்பாக்க கேன்சரு செத்துப் போச்சு" என்று கையை விரிக்கும்போது டம்ளரைப் பிடுங்கி வைத்துவிடுகிறேன்.

நிதி மார்ச்சில் வரும் என்கிறாய். உன் அண்ணன் உடம்புக்குள் இருப்பது மார்ச் வரைக்கும் சும்மா இருக்குமா என்று நிதி கொடுக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்.

அஜிதா


ஐதராபாத்
29 மார்ச் 2025

மைனிக்கு,

நிதி நேற்று உறுதியானது. இதை மறைத்தாலும் நீங்கள் தேதியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் நானே சொல்கிறேன்.

அண்ணனுக்கு எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். அம்மா பார்க்காமல் கொடுங்கள். ஒட்டவில்லை, நீங்களும் படிக்கலாம்.

'அண்ணே, பழஞ்சி உன்னைக் காப்பாற்றாது. நான் கண்டுபிடித்தது மருந்து இல்லை. உனக்கு வந்தது எனக்கு வந்திருந்தால் நான் ஒரு தேதியையும் விட்டிருக்க மாட்டேன், கீமோவுக்குப் போயிருப்பேன். நாளைக்கே போ. சபி.'

சபிதா


சுசீந்திரம்
20 ஏப்ரல் 2025

சபிதாவுக்கு,

விஷுவுக்கு முந்தின வாரம் உன் கடிதம் வந்தது. வாசித்தார். மடித்துக் காக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போனார். சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "நாளைக்கிப் போலாம்" என்றார். அவ்வளவுதான். ஜனவரியில் கேட்டேன் சபி. இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்கு இருந்த பலத்தைப் பார்த்தாயா?

ஸ்கேனில் ஈரலில் புள்ளிகள் தெரிகின்றன.

டாக்டர் ஏசவில்லை. "எந்தா வராஞ்ஞது?" என்று மட்டும் கேட்டார், ஏன் வரவில்லை என்று. "ஜோலி உண்டாயிருந்நு" என்றார் உன் அண்ணன், வேலை இருந்தது என்று. உன் பெயரை எடுக்கவில்லை. பழஞ்சியின் பெயரையும் எடுக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், சபி மேல கோவமா என்று. "அவ என்ன செய்வா? எனக்குப் பிடிச்சதத்தான நான் கேட்டுக்கிட்டேன்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபப்படக்கூட உன்னை விட்டுக்கொடுக்க மாட்டார். அதனால் அவர் பங்கையும் சேர்த்து நான் படுகிறேன்.

மறுபடி கீமோ தொடங்கிவிட்டது. இந்தத் தடவை மருந்து கடுமை. இனி இது அடியோடு போகாது, அடக்கி வைக்கத்தான் பார்க்கலாம் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்துபோகும், தயிர், பழஞ்சி, வேகாதது எதுவும் வாயில் படக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்று. இவ்வளவு சின்ன வயதில் வந்ததால் கூடப்பிறந்தவர்களும் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம். போய்ப் பார். சாக்குச் சொல்லாமல் போ. ஆதிராவுக்கும் பெரியவளானதும் பார்க்க வேண்டும் என்றார்கள். அன்றிலிருந்து அவள் வயிறு வலிக்கிறது என்றால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். முந்தாநாள் வலித்தது நுங்கு தின்றதற்கு. அது தெரிவதற்குள் நான் செத்துப் பிழைத்தேன்.

அஜிதா


ஐதராபாத்
11 மே 2025

மைனிக்கு,

சோதனைக்குப் போனேன். எனக்கு ஒன்றும் இல்லை. இதை எழுதவே கூசுகிறது.

டாக்டர் சொன்னதை அப்படியே கடைப்பிடியுங்கள். கீமோவில் குடலின் உள்தோல் புண்ணாகும். காவலுக்கு நிற்கும் வெள்ளை அணுக்களும் அந்தச் சமயம் குறைந்துபோகும். நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று நாங்கள் பேசுவதெல்லாம் அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சுகமாக இருக்கிறவர் குடலுக்குள் இருக்கிறவரை அது உபகாரி. அந்தப் புண் வழியாக ரத்தத்துக்குள் போனால் ஆளையே சாய்த்துவிடும். எப்போதாவது நடப்பதுதான், ஆனால் நடக்கும்.

அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் பலதடவை போனை எடுத்தேன். எடுத்த உடனே, "எனக்க சட்டிக் கஞ்சி அங்க மிசினுக்குள்ள சொகமா இருக்கா மக்கா?" என்று கேட்கிறாள். வேறு யாரும் அவளை வாழ்நாளில் ஒரு மேடையில் ஏற்றியதில்லை. போர்த்தியவளே எப்படி மைனி அந்தப் பொன்னாடையை உருவுவேன்?

சபிதா


திருவனந்தபுரம்
8 ஜூலை 2025

சபிதாவுக்கு,

நேற்று நான் அனுப்பிய செய்தியைப் பார்த்து நீ கிளம்பியிருப்பாய். நேரில் வருகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்காதே. நீ வரும்போது மாமி என் பக்கத்திலேயே இருப்பார். இதை உன் கையில் தந்துவிட்டு நான் விலகிக்கொள்வேன்.

உன் அண்ணன் மூச்சு மிஷினில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலும் நடுக்கமுமாகக் கொண்டுவந்தோம். இன்று காலையில் சின்ன டாக்டர் ஒருத்தர் வந்தார், தக்கலைப் பக்கத்துப் பையன். "ரத்தத்துல ரெண்டு கிருமி வளந்திருக்கு. ஒண்ணு எல்லாருக்க கொடல்லயும் உள்ளது. இன்னொண்ணு தயிரு, புளிச்ச கஞ்சி அப்பிடி உள்ளதுல இருக்கது. ஏதாவது குடுத்தியளா?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். பக்கத்தில் நின்ற மாமி தரையைப் பார்த்தார்.

பிறகு வராந்தாவில் வைத்து மாமியே சொன்னார்.

"வாயெல்லாம் புண்ணு மக்கா. ஒண்ணும் எறங்கல. நீ பள்ளிக்கூடம் போயிருந்த. 'அம்மா எரியுது, கொஞ்சம் பழஞ்சித் தண்ணி தா'ன்னு எனக்க கையப் பிடிச்சான். பெத்தவ எப்பிடி இல்லன்னு சொல்லுவேன்? நாலு மடக்குதான்."

"வேண்டாம்னு சொன்னேனே மாமி."

"வேண்டாம்னுதான சொன்ன. கொல்லும்னா சொன்ன?"

சொல்லவில்லை. டாக்டர் வேண்டாம் என்றார் என்று மட்டும் சொன்னேன். மாமியும் ஏன் என்று கேட்கவில்லை. ஏன் என்பதைச் சொல்ல வேண்டியவள் நீ என்று நான் விட்டுவிட்டேன். நான் சொல்லுவேன் என்று நீ விட்டாய். உன் வீம்பும் என் வீம்பும் சேர்ந்து உன் அண்ணனை எங்கே கொண்டுவந்து கிடத்தியிருக்கிறது என்று உள்ளே போய்ப் பார்.

இரண்டு கிருமியில் எது முதலில் போய் இதைச் செய்தது என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். மாமியிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிடாதே. பேச வேண்டிய காலத்தில் பேசாதவள், இப்போதும் பேச வேண்டாம்.

அஜிதா


ஐதராபாத்
24 ஆகஸ்ட் 2025

மைனிக்கு,

அண்ணனின் காரியம் முடிந்து நான் கிளம்பும்போது நீங்கள் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. அம்மா, "அவளுக்குத் தலவலி மக்கா, நீ போயிட்டு வா" என்றாள். நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. எப்படிக் கேட்பது என்று தெரியாமல் எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

அண்ணன் ரத்தத்தில் வளர்ந்த கிருமிகளை ஆஸ்பத்திரி லேப் பத்திரமாக வைத்திருக்கிறது. என் கைடு அவர்களுக்கு எழுதிப் பேசியிருக்கிறார். அந்த லாக்டோபேசில்லஸும் நாங்கள் அம்மாவின் சட்டியிலிருந்து எடுத்ததும் ஒன்றுதானா என்று மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அதற்கும், அதைக் கட்டுரையாக எழுதுவதற்கும் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய தாள் இதோடு இருக்கிறது. பெயர், ஊர் எதுவும் வராது. இப்படியும் நடக்கும் என்று டாக்டர்களுக்குத் தெரிந்தால் இன்னொரு வீட்டில் நடக்காமல் இருக்கும் என்கிறார் கைடு. அது உண்மைதான்.

ஆனால் நான் அதற்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டும் மைனி. அந்தத் தட்டுகளைத் திறக்கும்போது கை நிற்கிறது. இரண்டும் வேறு வேறு என்று வந்துவிட்டால் நான் மறுபடி மனுஷியாகிவிடுவேன்.

சபிதா


சுசீந்திரம்
14 செப்டம்பர் 2025

சபிதாவுக்கு,

உன் கைடிடம் சொல். புளித்த கஞ்சி கீமோக்காரர்களுக்கு ஆகாது என்று டாக்டர்களுக்கு ஏற்கெனவே தெரியும். எங்களுக்கு அந்த டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். தெரியாமல் இருப்பது பஸ்ஸில் போகிறவர்களுக்கு. அவர்களுக்குச் சொல்ல உன் அண்ணன் ரத்தம் வேண்டாம், என் கையெழுத்தும் வேண்டாம். நானே குளச்சலுக்குப் போய்க் குளோரியைத் தேடிப்பிடித்து, அது மருந்து இல்லை, ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. "தாணு சாரு போனதுக்குப் பொறவுதான் ஒங்களுக்கு இது சொல்லத் தோணிச்சா?" என்று கேட்டாள். நான் பஸ் ஏறினேன். இன்னும் பலபேர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்கள் வீடு எனக்குத் தெரியாது.

முந்தாநாள் மாமி ஆதிராவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அன்னைக்கி நான் குடுத்த தண்ணிதானா மக்கா?"

"இல்ல மாமி. அது வேற கிருமின்னு டாக்டரு சொல்லிற்றாரு."

"சத்தியமா?"

"சத்தியமா."

ரிப்பனைக் கட்டி முடித்து, "போய்க் காட்டு அம்மைட்ட" என்று பிள்ளையை என் பக்கம் தள்ளிவிட்டார். அன்று ராத்திரி, உன் அண்ணன் போனதற்குப் பிறகு முதல் தடவையாக, மாமி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்கு அவர்மேல் பாசம் பொங்கிவிட்டது என்று நினைக்காதே. அந்த நாலு மடக்கை நினைத்தால் இன்றைக்கும் அவர் கையால் சோறு வாங்க எனக்குக் கூசுகிறது. ஆனால் நான் பள்ளிக்கூடம் போனால் என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அந்தக் கைதான் இருக்கிறது.

உன் சோதனையில் ஆம் என்று வந்தால், எந்தக் கட்டுரையில் எந்தப் பெயரை மறைத்தாலும் ஒருநாள் அது இந்த வீட்டுக்கு வரும். மாமி தாங்க மாட்டார். இல்லை என்று வந்தால் நீ நிம்மதியாகத் தூங்குவாய்.

இரண்டுக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். தாளைத் திருப்பி அனுப்புகிறேன்.

அஜிதா